நாலணாவும் ஐயாயிரமும்: காங்கிரசு நிதியும் கொடுத்தோர் வினாவும் (1921–1925)

1922 பிப்ரவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் குசராத்தின் பர்தோலியில் கூடிய காங்கிரசுச் செயற்குழு நிறைவேற்றிய தீர்மானத்தை, சட்டமறுப்பை நிறுத்திவைத்த தீர்மானம் என்றே வரலாற்று மாணவர் அறிவர். ஐக்கிய மாகாணத்தின் கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் மக்கள் கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீயிட்டதில் இருபதுக்கும் மேற்பட்ட காவலர் மாண்டனர். அச்செய்தி கேட்ட காந்தியடிகள், பர்தோலி வட்டத்தில் தொடங்கவிருந்த இயக்கத்தைக் கைவிட்டார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் சினந்தனர் என்பதும், அதே சினத்தைச் சவகர்லால் நேரு தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார் என்பதும் பலரும் எழுதியவை.

அத்தீர்மானத்தின் பிற்பகுதி அவ்வளவாக நோக்கப்படுவதில்லை. கதர், தேசியக் கல்வி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு முதலான ஆக்கப்பணிகளை வகுத்துரைக்கும் அப்பகுதியில், திலகர் சுயராச்சிய நிதி திரட்டலைத் தொடர வேண்டும் என்றும், காங்கிரசாரும் காங்கிரசின்பால் பரிவுடையோரும் தத்தம் 1921ஆம் ஆண்டு வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் அளிக்க வேண்டும் என்றும் ஒரு கூறு உள்ளது. ஒரே தாளில், மக்கள் எதிர்நோக்கியிருந்த போராட்டம் நிறுத்தப்படுகிறது; அப்போராட்டத்தின் பெயரால் திரட்டப்பட்ட நிதி மீண்டும் கேட்கப்படுகிறது.

அக்கூறினைப் படித்த ஓர் எளிய ஆதரவாளர் என்ன செய்திருப்பார்? ஏமாற்றம் அளித்த கட்சிக்கு மீண்டும் கொடுப்பதா, கையை மூடிக்கொள்வதா என்னும் வினா இந்திய அரசியலில் பெருந்திரளான மக்கள் முன் எழுந்தது அப்போதுதான் எனலாம். 1921 முதல் 1925 வரையுள்ள ஐந்தாண்டுகளில் அவ்வினாவுக்குக் கொடுத்தோர் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அவற்றுள் தமிழகத்தில் சேரன்மாதேவிக் குருகுலத்தை ஒட்டி எழுந்த விடையே மிகக் கூர்மையானது என்பது எம் கருத்து.

சந்தா என்னும் சொல்

தில்லியில் தமிழ் பயிலும் இந்தி மாணவர்க்குச் 'சந்தா' என்னும் சொல் ஒவ்வோராண்டும் சிறு குழப்பம் விளைக்கிறது. பாரசீகம் வழியே இந்திய மொழிகளுள் வந்த இச்சொல், இந்தியில் பொதுக் காரியத்திற்காகப் பலரிடமிருந்தும் திரட்டப்படும் பணத்தைக் குறிக்கும். கோயில் திருப்பணிக்கும் சந்தா, கட்சிக்கும் சந்தா. தமிழில் அதே சொல் இதழுக்கோ சங்கத்திற்கோ காலமுறைப்படி செலுத்தும் கட்டணத்தைக் குறிக்கிறது. இதழ் வராவிடில் சந்தாதாரர் கடிதம் எழுதுவார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நன்கொடை தந்தவர் அவ்வாறு எழுதினால் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறார் என்று பழிப்பர். ஒரே சொல் இரு மொழிகளில் இருவேறு உறவுகளைச் சுட்டி நிற்கிறது. கட்சிக்குத் தரும் பணம் எவ்வுறவைச் சார்ந்தது என்பதே இங்கு எழும் சிக்கலும் ஆகும்.

நம் பழைய இலக்கியம் கொடை பற்றிப் பேசும் இடங்களில் ஏற்பவன் மறுப்பதைப் பாடியுள்ளது. தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏலாது விடுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் சொல்கிறது. கொடுப்பவன் கணக்குக் கேட்டு மறுப்பது அவ்வுலகில் ஈகைக்கு இழுக்கு. ஆயின், வணிகக் குழுக்களிடையே வேறொரு மரபு வழங்கி வந்தது. நாடார் உறவின்முறைகளின் மகமை அதற்கு நல்ல சான்று. விற்கும் சரக்கின் மீது விழுக்காட்டளவில் பிரித்தெடுக்கப்பட்ட இத்தொகை பொதுச்சொத்து. அதைச் செலவிடுவோர் உறவின்முறைக் கூட்டத்தில் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டோர். விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்த வழக்கமும் இதைச் சார்ந்ததே. பிடியரிசி கொடுத்த வீட்டார் பள்ளி எவ்வாறு நடக்கிறது என்று கேட்பதை யாரும் பழித்திலர். பரிசில் மரபும் மகமை மரபும் ஆகிய இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டே தமிழர் 1921இல் காங்கிரசுக்குக் கொடுத்தனர் என்று கருத இடமுண்டு.

ஒரு கோடி

திலகர் 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு திசம்பரில் நாகபுரியில் கூடிய மாநாடு காங்கிரசின் அமைப்பையே மாற்றியது. நாலணா செலுத்தி, கொள்கையை ஏற்றுக் கையொப்பமிடும் எவரும் உறுப்பினராகலாம் என்றாயிற்று. மாகாணக் குழுக்கள் மொழிவழி பிரிக்கப்பட்டன. 1921 மார்ச்சு இறுதியில் பெசவாடாவில் (இன்றைய விசயவாடா) கூடிய அகில இந்தியக் குழு, சூன் 30க்குள் ஒரு கோடி உறுப்பினர், ஒரு கோடி ரூபாய், இருபது இலட்சம் இராட்டைகள் என்று மூன்று இலக்குகளை அறிவித்தது. உறுப்பினர் இலக்கு எட்டப்படவில்லை. ரூபாய் இலக்கு எட்டப்பட்டது.

அக்கோடியின் உள்ளமைப்பு நோக்கத்தக்கது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தொகை பம்பாயிலிருந்து வந்தது. பஞ்சு வணிகரும் ஆலை முதலாளிகளும் தரகரும் அங்கு முன்னின்றனர். பூட்டுத் தொழிலில் பெயர் பெற்ற ஆர்தேசிர் கோத்ரெசு மூன்று இலட்சம் ரூபாய் தந்தார். வார்தாவின் சம்னாலால் பசாசு, வழக்கறிஞர் தொழிலைத் துறந்தோரின் குடும்பங்களைப் பேணவென்று ஒரு இலட்சம் ரூபாய் வழங்கியிருந்தார். நெடுங்காலம் காங்கிரசின் பொருளாளராகவும் விளங்கினார். மற்றொரு புறம் நாலணாக்களும், பெண்கள் கழற்றித் தந்த வளையல்களும், கூட்டங்களில் துண்டேந்தித் திரட்டிய செப்புக் காசுகளும் இருந்தன. ஓராண்டில் சுயராச்சியம் என்பது மேடைதோறும் சொல்லப்பட்ட உறுதிமொழி. கொடுத்தோருள் பலர் அதை ஒரு விலையாகவே, காலக்கெடுவுள்ள ஒப்பந்தமாகவே கொண்டனர். காந்தியடிகள் விதித்த நிபந்தனைகளை மேடைப் பேச்சாளர் எல்லோரும் திருப்பிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆண்டு முடிந்தது, சுயராச்சியம் வரவில்லை. பர்தோலிக்குப் பின் மார்ச்சு 10ஆம் நாள் காந்தியடிகள் கைதானார். 18ஆம் நாள் ஆறாண்டுத் தண்டனை பெற்றார். திசம்பரில் கயை மாநாட்டில் சட்டமன்ற நுழைவுக்கான தம் திட்டம் தோற்கவே சித்தரஞ்சன் தாசு தலைமையைத் துறந்து, மோதிலால் நேருவுடன் சுயராச்சியக் கட்சியைத் தொடங்கினார். 1921இல் ஐம்பது இலட்சம் என்று சொல்லப்பட்ட உறுப்பினர் தொகை, 1923 மார்ச்சில் ஒரு இலட்சத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டதாகச் சுமித் சர்க்கார் குறிப்பிடுகிறார். இவ்வெண்களின் துல்லியம் பற்றி ஐயுறலாம். சரிவைப் பற்றி ஐயமில்லை. பெரும்பாலோர் பதவி விலகல் கடிதம் எழுதவில்லை, கண்டனத் தீர்மானம் கொண்டுவரவில்லை. அடுத்த ஆண்டின் நாலணாவைச் செலுத்தாமல் இருந்தனர், அவ்வளவே. எளியோரின் விடை பெரும்பாலும் இத்தகைய மௌனமாகவே இருக்கும். ஆவணக் காப்பகங்களில் அதற்குக் கோப்பு இராது.

கோடி ரூபாய் எங்கே போயிற்று என்ற கேள்வி இதழ்களில் எழுந்தது. பணம் கதருக்கும் தேசியப் பள்ளிகளுக்கும் பிற பணிகளுக்கும் சென்றது. காங்கிரசு கணக்குகளையும் வெளியிட்டது. காந்தியடிகள் பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைப்பதில் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். எனினும் அவரிடமும் பணம் தங்கிய நிகழ்வு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கெனத் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்த தொகை, அவர் 1915இல் நாடு திரும்பிய பின்னும் உரியவரைச் சேரவில்லை. சிறை மீண்டு சென்னையில் வறுமையில் உழன்ற வ.உ.சி. மடல் மேல் மடல் எழுத நேர்ந்தது. 1916இன் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அக்கடிதங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி 2021இல் நூலாக்கித் தந்துள்ளார். தீய நோக்கு எதுவும் அங்கு இல்லை. நினைவும் கணக்கும் தவறிய தாமதமே. ஆயினும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதே நாம் கருத வேண்டியது. கப்பல் நிறுவனத்திற்குத் தெருத்தெருவாகப் பங்கு திரட்டியவர்க்கு, கேட்பது எத்தனை கூச்சம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நூற்றுக் கொடுத்தல்

விடுதலையான காந்தியடிகள் 1924இல் உறுப்பினர் உறவையே திருத்தி அமைக்க முயன்றார். நாலணாவுக்கு மாற்றாக மாதம் 2,000 கெசம் நூல் தர வேண்டும் என்ற விதி, அவர் தலைமையில் அவ்வாண்டு திசம்பரில் கூடிய பெல்காம் மாநாட்டில் ஏற்கப்பட்டது. பணம் கொடுத்து ஒதுங்குவோரை அவர் விரும்பவில்லை. உழைப்பைக் கொடுத்தவன் ஏமாற்றத்திலும் விலகான் என்பது அவ்விதியின் உட்கிடை. நடைமுறையில், நூற்றுத் தந்தோர் முந்தைய உறுப்பினருள் மிகச் சிறு கூறாகவே இருந்தனர். பலர் கடையில் நூல் வாங்கிச் செலுத்தினர். 1925 செப்டம்பரில் பாட்னாவில் அவ்விதி தளர்த்தப்பட்டு நாலணா மீண்டும் ஏற்கப்பட்டது. கதர்ப்பணி தனிச் சங்கமாகப் பிரிந்தது. அரசியற்பணி சுயராச்சியக் கட்சியார் கைக்குச் சென்றது. கொடுப்போர்க்கும் இதனால் ஒரு வசதி உண்டாயிற்று. கதருக்குக் கொடுத்துச் சட்டமன்ற அரசியலுக்குக் கொடாதிருக்கலாம் என்றாயிற்று. குறித்த பணிக்குக் குறித்துக் கொடுத்தல் என்னும் இவ்வழியைச் செல்வர் நன்கு பயன்படுத்தினர்.

சேரன்மாதேவி

1922ஆம் ஆண்டின் இறுதியில் வ.வே.சு.ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவியில் நிலைகொண்டது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனை உலகக் காப்பியங்களோடு ஒப்பிட்டு எழுதியவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று தமிழாய்வாளர் போற்றும் ஒருவர், தாய்மொழிவழிக் கல்வியையும் கைத்தொழிலையும் இணைத்து நடத்திய பள்ளி அது. தேசியக் கல்வி காங்கிரசின் ஆக்கப்பணிகளுள் ஒன்றாதலின், தமிழ்நாடு காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதல் தவணையாக 5,000 ரூபாய் வழங்கியது. தனியார் பலரும் கொடுத்தனர்.

அங்குப் பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவு பரிமாறப்படுகிறது என்ற செய்தி 1924இன் இறுதியில் வெளியில் பரவியது. காங்கிரசின் தமிழ்நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான பெ.வரதராசுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் இதைப் பெரும் கிளர்ச்சியாக்கினார். அக்கிளர்ச்சியின் வாதத்தைக் கூர்ந்து நோக்கினால் இருவேறு இழைகள் தெரியும். பிறப்பு வேற்றுமை தேசியத்திற்கு முரணானது என்பது முதல் இழை. இது கொள்கை பற்றியது. குருகுலத்திற்குப் பணம் தந்தோருள் பெரும்பாலோர் பிராமணரல்லாதார். அவர்தம் பணத்தில் அவர்தம் பிள்ளைகளை இழிவுபடுத்தலாகாது என்பது இரண்டாவது. இது கொடுத்தோர் உரிமை பற்றியது. சாதி ஒழிப்பு வரலாற்றை எழுதுவோர் முதல் இழையையே பெரிதும் விரித்துரைப்பர். அதனால் இரண்டாவது இழையின் புதுமை கவனத்திற்கு வாராது போயிற்று. கொடுத்தவன் கேட்கலாம் என்பதை, வள்ளன்மை பேசிய ஒரு மொழியில், கூச்சமின்றிப் பொதுமேடையில் சொன்ன முதற்பெரும் நிகழ்ச்சி இதுவே என்று கருதுகிறோம்.

ஐயர் தரப்பையும் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். அவர் தனிவாழ்வில் சாதி வேற்றுமை பாராட்டியவர் அல்லர் என்பது அவரோடு பழகியோர் பலரின் சான்று. சில பெற்றோர்க்கு வாக்களித்துச் சிறுவரைச் சேர்த்துக்கொண்டதாகவும், அவ்வாக்கை மீற இயலாது என்றும் அவர் கூறினார். 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியடிகளும், கொடுத்த வாக்கைக் காத்துவிட்டு இனிமேல் அத்தகையோரைச் சேர்க்காதிருக்கலாம் என்ற இணக்க வழியையே மொழிந்தார். ஒருவர்க்குக் கொடுத்த வாக்கு மற்றொருவரின் மதிப்பைக் குறைக்குமாயின் அதைக் காத்தல் அறமாகுமா என்பது எளிதில் தீராத வினா. எம் நோக்கில், நிதி வேண்டிப் பொதுமக்களிடம் சென்ற நாளிலேயே அவர்களுக்கும் ஐயர் சொல்லாத வாக்கு ஒன்றைத் தந்துவிட்டார். அது பெற்றோர்க்குத் தந்த வாக்கினும் முந்தியது.

இங்கு நிதியைக் கையாண்டவர் ஈ.வெ.இராமசாமிப் பெரியார். குழுவின் செயலாளராக இருந்த அவர், இரண்டாம் தவணையான 5,000 ரூபாயை வழங்க மறுத்தார். ஆயின் அவர் அறியாமலே மற்றொரு செயலாளரிடம் காசோலை பெற்று அத்தொகை குருகுலத்திற்குப் போய்ச் சேர்ந்தது என்று பெரியார் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். பணத்தை நிறுத்திவைத்தல் என்னும் கருவி, நிறுவனத்திற்குள் மற்றொரு கதவு திறந்திருக்கும்வரை பயன்படாது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் நினைவிற்கொள்ளுதல் தகும். காங்கிரசில் சேர்ந்தபோது பெரியார் ஈரோட்டு நகராட்சித் தலைமை உள்ளிட்ட பதவிகளைத் துறந்தார். கள்ளுக்குப் பயன்படும் என்று தம் தோப்பின் தென்னைகளை வெட்டச் செய்தார். நீதிமன்றப் புறக்கணிப்பை ஏற்று, தமக்கு வரவேண்டிய ஏறத்தாழ 50,000 ரூபாய்க் கடன்களை வழக்கிட்டு வாங்க மறுத்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். வழக்கறிஞராகிய சேலம் விசயராகவாச்சாரியார் தாமே வாங்கித் தர முன்வந்தும் அவர் இசையவில்லை. தம் பணம் ஐம்பதினாயிரத்தை இழக்கத் துணிந்த ஒருவரே பொதுப்பணம் ஐயாயிரத்தின் மீது அத்துணைக் கண்டிப்புக் காட்டினார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. முன்னது அவருடையது, எப்படி இழந்தாலும் அவர் பொறுப்பு. பின்னது நாலணாக்காரருடையது.

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரசுக் குழு, தேசிய இயக்கத்தில் ஈடுபடும் அமைப்புகள் எவையும் பிறப்பால் வேற்றுமை பாராட்டலாகாது என்று எஸ்.இராமநாதன் கொணர்ந்த தீர்மானத்தைப் பெரும்பான்மையால் ஏற்றது. இராசாசி உள்ளிட்ட சிலர் குழுவிலிருந்து விலகினர். ஐயர் குருகுலத் தலைமையைத் துறந்தார். அவ்வாண்டு சூன் 3ஆம் நாள், பாபநாசத்துக் கலியாண தீர்த்தத்தில் நீரில் வீழ்ந்த மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானங்களைத் தலைமை வகித்த திரு.வி.க. அனுமதிக்காமையால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். திரு.வி.க.வும் குருகுலச் சிக்கலில் தனிப்பந்தியை எதிர்த்தவரே. ஒரே ஏமாற்றத்தை உற்ற இருவருள் ஒருவர் உள்ளேயே நின்றார், ஒருவர் வெளியேறினார். எவர் வழி பயன் மிக்கது என்பதில் அவர்தம் வாசகர் இன்றும் உடன்படுவதில்லை. பெரியார் 1954 முதல் காமராசரின் ஆட்சியை ஆதரித்தபோதும் காங்கிரசில் மீண்டும் சேரவில்லை. வெளியில் நின்றே ஆதரித்தார்.

குருகுலப் போராட்டத்தில் கொடுத்தோர் வென்றனரா? தீர்மானம் வென்றது, பள்ளி தழைக்கவில்லை. தாய்மொழிவழிக் கல்வியில் ஓர் அரிய முயற்சி அழிந்ததே என்று தமிழாசிரியர் என்ற முறையில் வருந்தாதிருக்க இயலவில்லை. அவ்வருத்தம் தனிப்பந்தியை நியாயப்படுத்தாது என்பதும் உண்மை.

செல்வர் கண்ட வழி

நாலணாக்காரர் மௌனமாக விலகியபோது காங்கிரசின் செலவு குறைந்துவிடவில்லை. அவ்விடத்தைச் செல்வர் நிரப்பினர். கன்சியாம்தாசு பிர்லா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காந்தியடிகளின் கதர், அரிசனப் பணிகளுக்கு அவர் வாரி வழங்கினார். ஆயின் 1926 தேர்தலில் சுயராச்சியக் கட்சிக்கு எதிராக மாளவியா, லஜபதி ராய் அணியில் நின்று மத்தியச் சட்டமன்றத்திற்கு வென்றார். ஏமாற்றம் தந்த அணிக்குக் கொடாமல், விரும்பிய அணிக்கும் விரும்பிய பணிக்கும் கொடுத்தார். உறவை மட்டும் அறுத்துக்கொள்ளவில்லை. 1936இல் சவகர்லால் நேருவின் சமவுடைமைப் பேச்சை எதிர்த்துப் பம்பாய் வணிகர் 21 பேர் அறிக்கை விட்டபோதும் பிர்லா அதில் சேரவில்லை. பகைத்துக்கொள்வதைவிட வல்லபாய் பட்டேல் போன்றோரின் கையை வலுப்படுத்துவதே மேல் என்பது அவர் கணிப்பு. தனக்கு உகந்த தலைவரைப் பார்த்துக் கொடுக்கும் இவ்வசதி நாலணாவுக்குக் கிட்டாது. அது ஓர் எண்ணிக்கை மட்டுமே, சேர்ந்தால்தான் குரல்.

ஆகவே, 'ஏமாற்றினார்கள், இனி ஒரு காசும் தரேன்' என்று எளியோர் விலகும்போது, கட்சி எளியோர்க்கு மேலும் அயலாகிறது. 'எப்படியாயினும் நம் கட்சி' என்று கேள்வியின்றிக் கொடுப்பின், கேட்கும் வழக்கமே அற்றுப்போகிறது. சேரன்மாதேவியில் நடந்தது இவ்விரண்டும் அன்று. அங்கு கட்சியை விட்டுப் போகாமல், கட்சிக்குள் நின்று, இன்ன தவணை, இன்ன காரணத்தால், இன்னது திருந்தும்வரை கொடோம் என்றனர். எம் மதிப்பீட்டில் அது மகமை மரபின் அரசியல் வடிவம். அதன் தோல்விக்கும் காரணம் மகமையில் இருந்த ஒன்று காங்கிரசில் இல்லாமையே: காசோலையில் யார் ஒப்பமிட்டார் என்று கொடுத்தோர் கூடிக் கேட்கும் சபை.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் பெரும்பாலும் பெருங்கொடையையே நோக்கின. நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுப்பது 1969இல் தடை செய்யப்பட்டது. 1985இல் வரம்புடன் மீண்டும் ஏற்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடு என்றாக்கியது; 2017இல் வரம்பே நீக்கப்பட்டது. 2018இல் விற்பனைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15ஆம் நாள் செல்லாததாக்கியது. அத்தீர்ப்பு யார் கொடுத்தார் என்று மக்கள் அறியும் உரிமையைக் காத்தது. கொடுத்தது எவ்வாறு செலவாயிற்று என்று சிறு தொகை கொடுத்தவர் கட்சியிடம் கேட்கும் உரிமை அதன் எல்லைக்குள் வரவில்லை.

அவ்வுரிமையைத் தில்லியில் சிலர் கேட்டுப் பார்த்தனர். 2012 நவம்பரில் தோன்றிய ஆம் ஆத்மி கட்சி, தனக்குக் கொடுத்தோர் பெயர்ப் பட்டியலை இணையதளத்தில் வெளியிட்டுவந்தது. அவ்வெளிப்படைத் தன்மையை நம்பிப் பலர் சிறு தொகைகள் அளித்தனர். 2016இல் பட்டியல் நீக்கப்பட்டது. கொடையாளர் அரசுத் துறைகளின் நெருக்கடிக்கு உள்ளாகின்றனர் என்று கட்சி காரணம் கூறியது. அவ்விளக்கத்தை ஏற்காத முன்னாள் ஆதரவாளர் சிலர், பட்டியல் இல்லையேல் பணம் இல்லை என்று அவ்வாண்டு திசம்பரில் ஓர் இயக்கம் தொடங்கினர். 'சந்தா பந்த் சத்தியாகிரகம்' என்பது அதன் பெயர். தொண்ணூறாண்டுகளுக்கு முன் ஒரு செயலாளர் தனியே நின்று செய்ததை இவர்கள் கொடுத்தோர் என்ற முறையில் கூடிச் செய்ய முயன்றனர். பட்டியலை மீளப் பெற அது போதவில்லை.

அப்பெயரைத் தமிழில் பெயர்க்குமாறு சான்றிதழ் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை கொடுத்தேன். ஒருவர் 'நன்கொடை நிறுத்த அறப்போர்' என்று எழுதினார். மற்றொருவர் சந்தாவைச் சந்தாவாகவே விட்டுவிட்டார். அகராதிப்படி முன்னவரின் விடையே சரி. பின்னவர் எழுதியதை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.